பழைய கோயிலுக்குச் சூரிய மின்சாரம்: தென்னாப்பிரிக்கத் தமிழ்ச் சபைகள் பணம் திரட்டும் வழி

2023ஆம் ஆண்டு டர்பனில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, மாலை தீபாராதனை நடந்துகொண்டிருக்கையில் விளக்கு அணைவதும், பின்கட்டில் டீசல் ஜெனரேட்டர் உறுமத் தொடங்குவதும், அர்ச்சகரின் குரல் அதற்குள் அமுங்கிப் போவதும் எங்கள் கோயிலில் அன்றாட வழக்கமாகிவிட்டன. பொறுமை இழந்த நிர்வாகக் குழு, நானும் உடன்பட்டுத்தான், ஓர் ஒப்பந்தக்காரரை அழைத்து, மொத்தத் தொகையில் பாதியை முன்பணமாகக் கொடுத்துவிட்டது. அவருடைய ஆட்கள் மண்டபக் கூரையில் நான்கு துளைகள் போட்ட பிறகுதான் அது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஓடு என்பது தெரிந்தது. வேலை நின்றது, முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பவே இல்லை. அதன்பின் மானியத்துக்கு விண்ணப்பித்தபோது, தொடங்கிவிட்ட வேலைக்குப் பணம் தர விதியில் இடமில்லை என்ற பதில் வந்தது.

அந்த அனுபவத்திலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்வதானால், இந்தப் பணிக்கான முழுத் தொகையும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. கூரைக்குப் பணம் தருபவர் சூரிய மின் தகட்டுக்குத் தரமாட்டார். தகட்டுக்குத் தருபவர் அனுமதிச் செலவைத் தொடமாட்டார். ஆகவே செலவைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் அதற்குப் பணம் தரச் சட்டப்படி இயன்றவரிடம் கொண்டுபோக வேண்டும். கீழே வரும் படிகளும் அந்த வரிசையிலேயே உள்ளன. எடுத்துக்காட்டுகள் டர்பன் உள்ள குவாசூலு-நட்டாலிலிருந்து வந்தாலும், மற்ற மாகாணங்களிலும் அலுவலகத்தின் பெயரை மாற்றிக்கொண்டால் முறை பெரும்பாலும் பொருந்தும்.

முதல் படி: நிலமும் கட்டடமும் யார் பெயரில்?

இதைச் சலிப்பான வேலை என்று ஒத்திவைக்கும் சபைகளே அதிகம். ஆனால் விண்ணப்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் முறிகின்றன. நட்டாலின் பழைய கோயில்கள் பல, கரும்புத் தோட்ட நிலத்தில், தோட்ட முதலாளிகளின் வாய்மொழி இசைவோடு எழுந்தவை. குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம் மக்களைச் சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் பெயர்த்தபோது, கேட்டோ மேனர் போன்ற இடங்களில் குடியிருப்பு மறைந்து கோயில் மட்டும் நின்றது. அதனால் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், எப்போதோ காலமாகிவிட்ட மூன்று அறங்காவலர்களின் பெயர்கள் இருப்பது வியப்பன்று.

கோயில் ஓர் அறக்கட்டளையாக இருந்தால், 1988ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சொத்துக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் வழங்கும் அதிகாரக் கடிதம் இல்லாத அறங்காவலர் அந்தப் பொறுப்பில் செயல்பட முடியாது. அவர் இட்ட கையெழுத்தை நம்பி எந்த வங்கியும் கடன் தராது. மின் நிறுவனம் எதுவும் குத்தகை ஒப்பந்தமும் போடாது. எனவே இறந்தவர்களின் இடத்தில் புதியவர்களை நியமித்து, அந்தக் கடிதத்தைப் பெறுவதுதான் முதல் வேலை. சபை இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவாகியிருந்தால், பதிவுச் சான்று, திருத்தங்களுடன் கூடிய அமைப்பு விதிகள், குறைந்தது இரண்டு ஆண்டுகளின் கணக்கறிக்கைகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். இவற்றை எவரும் கேட்காமல் விடுவதில்லை.

இரண்டாம் படி: கட்டடத்துக்கு என்ன தகுதி?

1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் சட்டமாகிய தேசிய மரபுரிமை வளங்கள் சட்டத்தின் 34ஆம் பிரிவு, 60 ஆண்டுகளைக் கடந்த எந்தக் கட்டடத்தையும் மாகாண மரபுரிமை அமைப்பின் அனுமதியின்றி மாற்றவோ இடிக்கவோ கூடாது என்கிறது. குவாசூலு-நட்டாலில் 2018ஆம் ஆண்டின் மாகாணச் சட்டமும் இதே 60 ஆண்டு வரம்பைக் கொண்டிருக்கிறது. அங்கே அனுமதி தருவது அமாஃபா நிறுவனம். "மாற்றம்" என்ற சொல்லுக்குத் தேசியச் சட்டம் தரும் விளக்கம் நம்மவர்கள் நினைப்பதைவிட அகலமானது. கட்டமைப்பையோ தோற்றத்தையோ பொருளின் இயல்பையோ பாதிக்கும் எந்தச் செயலும், வண்ணம் பூசுவதும் காரை பூசுவதும் உட்பட, அதற்குள் அடங்கும். கூரையில் தகடு ஏற்றுவது மட்டும் அதற்கு வெளியே நிற்க முடியாது.

அடுத்து, கோயில் தனியாக அறிவிக்கப்பட்ட மரபுரிமைத் தலமா என்று பார்க்க வேண்டும். பழைய சட்டத்தின்கீழ் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டவை 2000ஆம் ஆண்டில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மாகாண மரபுரிமைத் தலங்களாக மாறின. கேட்டோ மேனரில் இரண்டாம் ஆற்றுக் கோயில் என்று மக்கள் அழைக்கும் ஸ்ரீ அம்பலவாணர் ஆலயம் 1980இல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1905ஆம் ஆண்டு வெள்ளம் உம்பிலோ ஆற்றங்கரையிலிருந்த பழைய கோயிலை அடித்துச் சென்ற பின்னர், அதிலிருந்து மீட்ட கதவுகளைப் புதிய கட்டடத்தில் வைத்துக் காத்துவரும் இடம் அது. இத்தகைய தலங்களில் பாதுகாப்பு கருவறைக்கு மட்டுமன்றி வளாகம் முழுவதற்கும் நீளலாம் என்பதால், வளாகத்துக்குள் நேற்றுக் கட்டிய கல்யாண மண்டபத்தில் தகடு வைப்பதற்கும் அனுமதி தேவைப்படும். அறிவிக்கப்படாத கோயிலில், 60 ஆண்டுகள் ஆகாத மண்டபத்துக்கு அந்தத் தடை இல்லை. இந்த வேறுபாட்டை அறிந்தாலே திட்டத்தின் வடிவம் பாதி தெளிந்துவிடும்.

மூன்றாம் படி: தகட்டை எங்கே வைப்பது?

என் கருத்து வெளிப்படையானது: மூலக் கோயிலின் கூரையைத் தொடாதீர்கள். விமானமும் சுதைச் சிற்பமும் உள்ள பகுதியில் ஆணி இறக்குவதற்கு எந்த மரபுரிமை அலுவலரும் எளிதில் ஒப்பமாட்டார். ஒப்பினாலும் பக்தர்கள் ஒப்பமாட்டார்கள். மண்டபம், மடப்பள்ளி, வண்டி நிறுத்துமிடத்தின் மேற்கூரை ஆகியவற்றில் வைத்து, மின்சாரத்தைத் தரைக்கடியில் குழாய்வழி கோயிலுக்குக் கொண்டுவருவதே அனுமதி பெறவும் பணம் திரட்டவும் எளிய வழி.

தமிழ்நாட்டிலிருந்து வரும் காணொளிகளைப் பார்த்துவிட்டுத் தகடுகள் தெற்கு நோக்க வேண்டும் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் வாதிட்டார். பூமத்தியரேகைக்கு வடக்கே அது சரி. டர்பன் ஏறக்குறைய 30 பாகை தென் அட்சரேகையில் இருப்பதால், இங்கே நண்பகல் சூரியன் வட வானத்தில் நிற்கிறது. தகடும் வடக்கு நோக்கி, சுமார் 30 பாகை சாய்ந்திருக்க வேண்டும். இதிலிருந்து பிறக்கும் இன்னொரு கணக்கும் உண்டு. ஜூன் மாத இறுதியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 37 பாகை உயரத்தில்தான் இருக்கும். அப்போது 10 மீட்டர் உயரமுள்ள விமானத்தின் நிழல் தெற்கே 13 மீட்டருக்குமேல் விழும். மண்டபம் விமானத்துக்குத் தெற்கே ஒட்டியிருந்தால், குளிர்காலத்தில் தகடுகளில் ஒரு பகுதி தெய்வத்தின் நிழலில்தான் இருக்கும். ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை 9 மணி, நண்பகல், பிற்பகல் 3 மணி என்று மூன்று முறை நிழலின் ஓரத்தைச் சுண்ணாம்பால் குறித்துப் படம் எடுத்து வைத்தால், பொறியாளருக்கும் நிதி தருபவருக்கும் அது போதிய சான்று.

எடையையும் பார்க்க வேண்டும். 550 வாட் தகடு ஒன்று சுமார் 28 கிலோ எடையும் இரண்டரை சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான பரப்பும் கொண்டது. அத்தகைய 18 தகடுகள் சேர்ந்தால் ஏறக்குறைய 10 கிலோவாட். தகடுகள் மட்டும் அரை டன். பழைய மரச்சட்டத்தைக் கறையான் அரித்திருந்தால் அது தாங்காது. கூரை கல்நார் ஓடாக இருந்தால், 2020ஆம் ஆண்டின் கல்நார் ஒழிப்பு விதிமுறைகளின்படி உரிய பதிவுபெற்ற ஒப்பந்தக்காரரே அதை அகற்ற வேண்டும். இந்தச் செலவு தகடுகளின் விலைக்கு ஈடாகவே நிற்கக்கூடும் என்பதால், தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். கடற்கரைக்கு அருகிலுள்ள கோயில்களில் உப்புக் காற்று சாதாரண இரும்புத் திருகுகளைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகு என்று விலைப்புள்ளியில் எழுத்திலேயே கேளுங்கள்.

நான்காம் படி: தேவையை அளந்து, செலவைப் பிரித்தல்

கோயிலின் மின்தேவை வீட்டைப் போன்றதன்று. காலையிலும் மாலையிலும் பூசை; வெள்ளியும் ஞாயிறும் கூட்டம்; தைப்பூசக் காவடிக்கும் தீமிதிக்கும் இரவு முழுவதும் வெளிச்சம். ஆனால் வெயில் கொளுத்தும் செவ்வாய்க்கிழமை நண்பகலில் ஒரு குளிர்பதனப் பெட்டியும் அலுவலகக் கணினியும் தவிர வேறெதுவும் ஓடுவதில்லை. டர்பனில் 10 கிலோவாட் அமைப்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 14,000 யூனிட் தரும். அதில் 60 விழுக்காட்டைத்தான் கோயில் நேரடியாகப் பயன்படுத்துகிறது என்றும், யூனிட்டுக்கு 3 ரேண்ட் செலுத்துகிறீர்கள் என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டுச் சேமிப்பு 42,000 ரேண்ட் அன்று, 25,200 ரேண்ட்தான். விற்பனையாளர் முதல் எண்ணைச் சொல்வார். நிதி தரும் இடத்தில் இரண்டாவது எண்ணைச் சொல்லுங்கள். அங்கே நம்பப்படுவது அதுதான். இதற்காகப் பன்னிரண்டு மாத மின்கட்டணச் சீட்டுகளைச் சேர்த்து, உங்கள் சொந்த எண்களைக் கொண்டு கணக்கிடுங்கள்.

பிறகு மொத்தச் செலவை ஐந்து தலைப்புகளில் எழுதுங்கள்: கூரையும் மரச்சட்டமும் பழைய மின்கம்பிகளும் பழுதுபார்ப்பது ஒன்று, தகடுகளும் இன்வெர்ட்டரும் ஒன்று, பேட்டரி ஒன்று, மரபுரிமை ஆலோசகர், பொறியாளர் ஆகியோரின் கட்டணம் ஒன்று, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் மாற்றுவதற்கான வைப்புநிதி ஒன்று. சபை மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவாகாததாக இருந்தால், 15 விழுக்காடு வரி திரும்பக் கிடைக்காது. எனவே விலைப்புள்ளிகளை வரி சேர்த்தே எழுதி வாங்குங்கள்.

ஐந்தாம் படி: எந்தச் செலவுக்கு எந்தப் பணம்?

கூரை, மரம், பழைய கம்பி ஆகியவற்றை மரபுரிமைப் பாதுகாப்பு என்ற பெயரில் கேட்க வேண்டும். மரபுரிமைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, மரபுரிமை அமைப்புகள் தனியாருக்கும் அமைப்புகளுக்கும் மானியமோ கடனோ தர இடமளிக்கிறது. ஆனால் அவற்றின் கையிருப்பு சிறியது என்பதால் அதையே நம்பியிருக்க வேண்டாம். தேசிய லாட்டரி ஆணையத்தின் கலை, பண்பாடு, தேசிய மரபுரிமைப் பிரிவு இதைவிடப் பெரிய கதவு. அங்கே "கோயிலுக்கு சோலார்" என்று எழுதினால் கோப்பு ஓரங்கட்டப்படும். "ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் எழுப்பிய கட்டடத்தின் கூரையையும் தீ விபத்துக்கு இடமளிக்கும் கம்பிகளையும் சீரமைத்து, எல்லா இனத்தவரும் பார்வையிட ஏற்றதாக்குதல்" என்று எழுதினால், உள்ளதை உள்ளபடி சொன்னதாகவும் இருக்கும். விதிக்குள் அடங்கியதாகவும் இருக்கும். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்தவர்களிடமிருந்து தொடங்கும் வரலாற்றில் உங்கள் கோயிலின் இடம் எது, கட்டியவர் கிருஷ்டப்பா ரெட்டி போன்ற அறியப்பட்ட கோயில் கட்டுநரா என்பதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதிச் சேர்ப்பது, விண்ணப்பத்தின் மற்ற இருபது பக்கங்களுக்கு ஈடாகும்.

சூதாட்டப் பணத்தைச் சாமி காரியத்துக்கு வாங்கலாமா என்று எங்கள் குழுவில் ஒரு மாலை முழுவதும் விவாதம் நடந்தது. கருவறைக்கு வேண்டாம், மண்டபக் கூரைக்கு வாங்கலாம் என்று அம்மாமார்கள் முடிவு செய்தார்கள். உங்கள் சபையிலும் இந்தக் கேள்வி எழும். விண்ணப்பிப்பதற்கு முன்பே பொதுக்குழுவில் தீர்மானமாக எழுதிவிடுவது நல்லது.

தகடுகளுக்கும் இன்வெர்ட்டருக்கும் மூன்று வழிகள் உள்ளன. வருமான வரிச் சட்டத்தின் 12பி பிரிவு, ஒரு மெகாவாட்டுக்கு மேற்படாத சூரிய மின் அமைப்பின் முழு விலையையும் அது இயங்கத் தொடங்கும் முதல் ஆண்டிலேயே கழித்துக்கொள்ளத் தொழில் செய்பவருக்கு அனுமதி தருகிறது. வரிவிலக்குப் பெற்ற கோயிலுக்குக் கழிக்க வரி இல்லை. எனவே நேரடிப் பயன் இல்லை. ஆனால் ஒரு நிறுவனம் தன் செலவில் தகடுகளை உங்கள் கூரையில் வைத்து, உங்களுக்கு யூனிட் கணக்கில் மின்சாரம் விற்றால், அந்தக் கழிவு அதற்குக் கிடைக்கும். விலையில் ஒரு பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுக்கும்படி பேசலாம். இத்தகைய ஒப்பந்தம் பத்து முதல் இருபது ஆண்டுகள் நீள்வதால், ஆண்டு உயர்வு விழுக்காடு, பயன்படுத்தாத மின்சாரத்துக்கும் பணம் கேட்கும் விதி, கும்பாபிஷேகத்துக்காகத் தகடுகளைக் கழற்ற நேர்ந்தால் செலவு யாருடையது ஆகிய மூன்றையும் வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். தொழில் செய்பவர்களுக்கு இருந்த 125 விழுக்காடு வரிக்கழிவு 2025 பிப்ரவரியோடும், வீட்டுத் தகடுகளுக்கான 15,000 ரேண்ட் வரைச் சலுகை 2024 பிப்ரவரியோடும் முடிந்துவிட்டன. அவற்றை இன்னும் விளம்பரத்தில் காட்டும் விற்பனையாளரிடம் கதவைச் சாத்திவிடலாம்.

இரண்டாவது வழி, நிறுவனங்களின் சமூகச் செலவு. கறுப்பின பொருளாதார மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் பெறும் மதிப்பெண்ணுக்காக, வரிக்குப் பிந்தைய இலாபத்தில் ஒரு விழுக்காட்டைச் சமூக-பொருளாதார மேம்பாட்டுக்குச் செலவிடும் இலக்கு நிறுவனங்களுக்கு உண்டு. அந்தச் சட்டத்தில் கறுப்பினத்தவர் என்ற சொல் இந்திய வம்சாவளியினரையும் உள்ளடக்கும். மண்டபத்தில் பாலர் பள்ளியோ ஏழைகளுக்கான அன்னதானமோ தையல் வகுப்போ நடந்தால், அந்தப் பணிக்கான மின்சாரம் என்று கேட்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கோயில் வருமான வரிச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்கீழ் பொதுநல அமைப்பாக ஏற்கப்பட்டிருந்தாலும், வழிபாட்டுப் பணிக்குத் தரப்படும் நன்கொடைக்கு, கொடுத்தவர் வரியில் கழித்துக்கொள்ள உதவும் 18ஏ சான்றிதழைத் தர முடியாது. மதப்பணி அதற்குரிய பட்டியலில் இல்லை. அன்னதானம், பாலர் பள்ளி போன்ற தகுதியுள்ள பணிக்கு வரித்துறையின் ஒப்புதலைத் தனியே பெற்று, தனிக் கணக்கு வைத்து, அதற்கு மட்டும் சான்றிதழ் தரலாம். அந்தக் கணக்கிலிருந்து கருவறை விளக்குக்குச் செலவு செய்தால் ஒப்புதலே பறிபோகலாம். தணிக்கையாளரின் வார்த்தையே இதில் இறுதியாக இருக்கட்டும்.

மூன்றாவது வழி நமக்கு நன்கு பழகியது: உபயம். எங்கள் இரண்டாம் முயற்சியில், தகடுகளின் மொத்த விலையை 18ஆல் வகுத்து, ஒரு தகட்டுக்கு ஒரு குடும்பம் என்று கேட்டோம். ஆறு வாரங்களில் 14 தகடுகளுக்குப் பணம் வந்தது. தகட்டின்மேல் பெயர் எழுத வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். மேலே எழுதினால் அந்த இடத்தில் வெயில் படாது என்று சொல்லி, மண்டபச் சுவரிலிருந்து விலகி நிற்கும் ஒரு மரப்பலகையில் எழுதி வைத்தோம். பாதுகாப்புக்கு உட்பட்ட கட்டடத்தின் சுவரில் கல்வெட்டுப் பதிப்பதற்கும் அனுமதி வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆலோசகர் கட்டணத்துக்கு யாரும் மானியம் தர விரும்புவதில்லை. அதைச் சபையின் சொந்தப் பணத்திலிருந்து முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். பேட்டரியும் அப்படித்தான், கருவறை, ஒலிபெருக்கி, வழிவிளக்கு, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றுக்கு மட்டும் போதுமான அளவில் வாங்கினால், சபை தாங்கிக்கொள்ளலாம்.

ஆறாம் படி: அனுமதிகள், பிறகே முன்பணம்

மரபுரிமை அனுமதிக்கான விண்ணப்பத்தில் இப்போதைய நிலையின் படங்கள், வரைபடம், தகடுகள் சாலையிலிருந்து எப்படித் தெரியும் என்பதைக் காட்டும் படம், எந்தத் திருகு எங்கே இறங்கும் என்ற விவரம் ஆகியவை இருக்கட்டும். அலுவலர்கள் முதலில் கேட்பது, நாளை இதைக் கழற்றினால் கட்டடம் பழையபடி இருக்குமா என்பதுதான். கம்பிக்குழாய்களைச் செங்கல்லின் முகத்தில் துளையிடாமல் காரை இணைப்புகளில் பொருத்துவோம் என்று ஒரு வரி எழுதினாலே, வேலை தெரிந்தவர்கள் செய்கிறார்கள் என்ற நம்பிக்கை பிறக்கும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் கும்பாபிஷேகம் அருகில் இருந்தால், வண்ணப் பூச்சு, கூரை, கம்பி எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பமாகக் கொடுங்கள். பாலாலயக் காலத்தில் எப்படியும் சாரம் கட்டப்படும், அதன் செலவு ஒருமுறையோடு முடியும்.

டர்பன் அடங்கிய எத்தெக்வினி மாநகராட்சியின் மின்சாரப் பிரிவில், மிஞ்சும் மின்சாரத்தைப் பொது மின்கம்பிக்குத் திருப்பி அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும், நிறுவுவதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். பதிவுபெற்ற பொறியாளரின் கையெழுத்தும், கம்பி வேலைக்கான இணக்கச் சான்றிதழும் இல்லாவிட்டால், தீ விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். காப்பீட்டாளருக்கு எழுத்தில் அறிவித்து, பேட்டரியை மரச்சட்டம் உள்ள அறையிலும் எண்ணெயும் கற்பூரமும் வைக்கும் அறையிலும் வைக்காமல், காற்றோட்டமான தனி இடத்தில் அமையுங்கள்.

இவை கைக்கு வந்து, மானியக் கடிதத்திலும் கையெழுத்தான பிறகே ஒப்பந்தக்காரருக்கு முதல் ரேண்ட் போக வேண்டும். அதையும் நான்கு தவணையாகப் பிரித்து, கடைசித் தவணையை இணக்கச் சான்றிதழ் கிடைக்கும்வரை நிறுத்தி வையுங்கள்.

ஏழாம் படி: விளக்கு எரிந்த பிறகு

மானியம் தந்தவர்கள் ரசீதும் படமும் முன்னேற்ற அறிக்கையும் கேட்பார்கள். ஒரு ரசீது குறைந்தாலும் அடுத்த விண்ணப்பம் சிக்கலாகிவிடும். எங்கள் மடப்பள்ளி வாசலில் ஒரு கணக்கு ஏடு தொங்குகிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூசைக்கு வரும் மாணவர் ஒருவர் மீட்டர் எண்ணை அதில் எழுதுகிறார். மாதக் கடைசியில் பொருளாளர் சேமித்த தொகையைக் கணக்கிட்டு, அதில் ஒரு பங்கை இன்வெர்ட்டர் வைப்புநிதியில் போடுகிறார். மீதியுள்ள நான்கு தகடுகளுக்கான உபயத்தைக் கேட்கப் போகும்போது அந்த ஏட்டைத்தான் கையில் எடுத்துச் சென்றோம்.